புனலின் இடப்பக்கம்

முதலில் ஆயிரத்து நூற்று நாற்பது தலைப்புகள்.
போருக்குப் பின்னான துயரைக்
குழுவாய் இருந்து பேசினால் குறையுமா என்பது கேள்வி.
இரண்டு பேர், ஒருவர் திரையை ஒருவர் பாராமல்,
வேண்டும், வேண்டாம் என்று பிரிக்க வேண்டும்.
நான் திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால், வாடகை அறையில்.
ஜெயறூபி தெல்லிப்பழையில், இரவுக் கடமை முடிந்து.
மூன்றாம் கிழமை ஒப்பிட்டோம்.
தற்செயலைக் கழித்தால் எங்களுக்குள் மிஞ்சிய உடன்பாடு
சைபர் தசம் நாலு ஒன்று.
"கலியாணம் எண்டால் குழம்பியிருக்கும்" என்றாள்.
திரும்பவும் முதலாவதிலிருந்து.

பிறகு எண்கள்.
ஒரு கட்டுரை இடையைத் தரும், நியம விலகலை ஒளிக்கும்.
இன்னொன்று நட்சத்திரம் மட்டும் போடும்.
விடுபட்டதைக் கேட்டுப் பதினொரு ஆய்வாளருக்கு எழுதினேன்.
நால்வர் அனுப்பினர்.
ஒருவர் இறந்துவிட்டார். அப்பாவின் கணினி
திறக்குதில்லை என்று மகள் மன்னிப்புக் கேட்டிருந்தாள்.

ஒப்பீட்டுக் குழு என்ற நிரலில்
ஒன்பது ஆய்வுகளுக்கு ஒரே விடை: காத்திருப்போர் பட்டியல்.
அதாவது, பன்னிரண்டு வாரம்
ஒன்றும் நடக்காதவர்கள்.
எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன்.
யாழ்ப்பாணத்தில் காத்திருப்பதை
ஒன்றும் நடக்காதது என்று எப்படி எழுதுவது?
செவ்வாய்க் கிளினிக்குக்கு வரும் அம்மா
மகனின் படத்தைப் பொலித்தீனில் சுற்றி
மடியில் வைத்திருப்பார். அவர் எந்தக் குழு?
குறியீட்டு ஏட்டில் அதற்கு இலக்கமில்லை.
நான் இரண்டு என்று போட்டேன்.
ஜெயறூபியும் இரண்டு.
அந்த நிரலில் மட்டும் எங்களுக்குள் முழு உடன்பாடு.

காட்டு வரைபடம் விழுந்தபோது
காடு ஒன்றும் தெரியவில்லை.
ஒவ்வோர் ஆய்வும் ஒரு சதுரம், இருபுறமும் கைகளை நீட்டியபடி.
கை நீளநீள நிச்சயம் குறைவு.
அந்த நீளத்துக்குப் பெயர் நம்பிக்கை இடைவெளி.
மொழிபெயர்த்தவர் தெரிந்துதான் வைத்தாரோ.
அடியில் ஒரு வைரம்,
சைபர்க் கோட்டைத் தொடாமல் வலப்பக்கம்:
சைபர் தசம் ஆறு இரண்டு.
நான் கதிரையிலிருந்து துள்ளினேன்.
பன்முகத்தன்மை எழுபத்தெட்டு வீதம் என்பதை
ஜெயறூபிதான் வாசித்தாள்.
"ஒடியற்கூழையும் பாயாசத்தையும் ஒரு சட்டியிலை ஊத்திப்போட்டு
சராசரி உருசி என்னெண்டு கேக்கிறாய்."

கடைசியாய்ப் புனல்.
தமிழில் அது நீருக்கும் பெயர்.
நீரென்றால் இரு கரையும் நனைய வேண்டும்.
எங்களுடையதில் இடப்பக்கக் கீழ்மூலை வறண்டிருந்தது:
சிறிய ஆய்வுகள், பலனில்லை என்ற ஆய்வுகள்
இருந்திருக்க வேண்டிய இடம்.
நெடுநேரம் பார்த்தேன்.
அந்த முகவரி எனக்குத் தெரியும்.

முல்லைத்தீவு, இரண்டாயிரத்துப் பதின்மூன்று.
பாடசாலை மண்டபம், எட்டு அமர்வு, இருபத்தாறு பெண்கள்.
பதின்மூன்று பேருக்கு நான்.
பதின்மூன்று பேருக்குக் காத்திருப்பு.
கடைசி நாள் எல்லாருமாய் வடை சுட்டுக் கொண்டுவந்தார்கள்,
காத்திருந்தவர்களும்.
இரு குழுவுக்கும் நடுவே மயிரிழை வித்தியாசமும் இல்லை.
நான் அதை எழுதவில்லை.
ஒருவரும் தடுக்கவில்லை, ஒருவரும் கேட்கவுமில்லை.
பைல் அலுமாரியில், மழைக்கோட்டுக்குக் கீழே.

எடுத்தேன். கறையான் ஓரத்தை மட்டும் தின்றிருந்தது.
என் ஆய்வை நானே மதிப்பிடக் கூடாது,
ஜெயறூபிக்கு அனுப்பினேன்.
இரவே திருப்பி அனுப்பினாள்:
அளந்தவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியும்.
பக்கச்சார்பு அபாயம்: உயர்வு.
அதற்குக் கீழே, ஒரு வரி விட்டு:
வடை என்ன வடை?

சேர்த்து ஓடவிட்டேன்.
இருபத்தாறு பேரின் எடை இரண்டு தசம் ஒரு வீதம்.
வைரம் ஆறு இரண்டிலிருந்து
ஐந்து ஒன்பதுக்கு வந்து நின்றது.
அவ்வளவுதான்.
பார்க்கத் தெரியாதவருக்கு அது அசையவேயில்லை.

இடப்பக்கக் கீழ்மூலையில் இப்போது ஒரு புள்ளி.
சுற்றிலும் இன்னும் வறட்சி.
பின்னேரம் வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும்
கடிதம் தொடங்கினேன்:
வணக்கம். உங்கள் அலுமாரியில்
அதற்குமேல் மரியாதையாய் எப்படிக் கேட்பது?
ஜெயறூபிக்குப் போன் எடுத்தேன்.
வங்கியில் வரிசையில் நிற்கிறாளாம்.
கொஞ்சம் பொறுக்கட்டாம்.